வன்னிக் குளக்கரையில் கூட்டாகத் தங்கி மீன்பிடிப்பது: முழுமையான வழிகாட்டி

வன்னியில் ஒரு குளத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கி மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கூடாரம் வாங்குகிறார்கள். அடுத்தது தூண்டில். அப்புறம் வாகனம் பிடித்து ஏ9 வீதியில் ஏறி, மாங்குளம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் நின்று "இஞ்ச கிட்டடியில நல்ல குளம் எது அண்ணை?" என்று கேட்கிறார்கள். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள். முதலில் ஆள், பிறகு குளம், அதற்குப் பிறகுதான் சாமான்.

வன்னிக் குளம் எவ்வளவு ஒதுக்குப்புறமாகத் தெரிந்தாலும் அது கேட்பாரற்ற தண்ணீர் அல்ல. பெரிய குளங்களில் அணைக்கட்டும், தண்ணீர் திறந்துவிடும் துருசும், மிகைநீர் வழியும் வானும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. சின்னக் குளமென்றால் கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பும் பார்த்துக்கொள்ளும். தண்ணீருக்குள் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தாரின் வலை கிடக்கும். அலைகரைக்குப் பின்னால் காடு, அதற்கு வனத் திணைக்களம். இருட்டினால் அதே கரைக்கு யானை வரும். அவரவருக்கு அங்கே வேலை இருக்கிறது. நீங்கள் மட்டும்தான் விடுமுறைக்கு வந்தவர்கள்.

எப்போது போவது

மாரி மழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை இழுக்கும். கார்த்திகை, மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயும். வான் பாயும் இடத்தில் மீன் துள்ளுவதைப் பார்க்கச் சனம் கூடும், வீச்சு வலை பறக்கும், பார்க்க நல்ல வேடிக்கைதான். ஆனால் கூடாரம் போடும் காலம் அது இல்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் திருத்தி முடித்துத் திறந்துவைக்கப்பட்டது. அதே மாதம் கொட்டிய மழையில் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் வெள்ளத்தில் கிடந்தன. இந்த மாதங்களில் காட்டுப் பாதை ஒரே இரவில் ஆறாகிவிடும், போன வாகனம் திரும்பாது.

என் தேர்வு மாசி, பங்குனி. குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும், கரை காய்ந்திருக்கும், இரவில் இதமான குளிர் இருக்கும். சித்திரையில் வெக்கை ஏறி, பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை வரும். வெட்டவெளிக் கட்டில் தூண்டில் கம்போடு நிற்பதற்கு அது உகந்த நேரமல்ல. வைகாசியில் சோளகம் எழும்பினால் ஆவணி, புரட்டாதி வரை விடாது. கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால் இரணைமடுவின் கட்டு வடக்கே இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்தில் குளத்தின் முழு நீளத்து அலையும் அந்தக் கட்டில்தான் வந்து அடிக்கும். சின்ன வள்ளத்துக்கு அது பொல்லாத தண்ணீர். ஆடி, ஆவணியில் குளம் வற்றிச் சுருங்கும்போது மீன் ஒரே இடத்தில் ஒதுங்கும், பிடிக்கச் சுகம். ஆனால் முதலையும் அங்கேதான் ஒதுங்கும், காட்டுக்குள் நீர்க்குழி வற்றிப்போன யானையும் அங்கேதான் வரும்.

நிலவையும் பாருங்கள். நிலவு காலத்தில் வலைக்கு மீன் குறைவு என்பார்கள் தொழிலாளர்கள். வலை மீனுக்குத் தெரிந்துவிடுமாம். உங்களுக்கு அது பொருட்டல்ல. புதிய இடத்தில் இரவு தங்குகிறவர்களுக்கு வளர்பிறையின் கடைசி நாட்கள்தான் வசதி, ஐம்பது யார் தள்ளி என்ன நிற்கிறது என்றாவது தெரியும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வரும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். முல்லைத்தீவு வீதிகள் நிறைந்து வழியும், சுற்று ஊர்களில் விரதம் இருப்பார்கள். அவர்கள் வாசலில் போய் மீன் சுடுவது முறையல்ல.

எந்தக் குளம்

பெயர் பெற்றவை இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம். வடக்கின் மிகப் பெரிய குளம் இரணைமடு. முதல் தடவை வரும் கூட்டத்துக்கு அதைச் சொல்லமாட்டேன். கட்டில் எப்போதும் ஆள் நடமாட்டம், கனகாம்பிகை அம்மன் கோயில், சுற்றுலாச் சனம், காற்று. பகல் முழுவதும் கட்டில் நடந்து பார்க்க அருமையான இடம், தங்க அல்ல.

முத்தையன்கட்டுக்கு மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வீதியில் ஒட்டுசுட்டான் போய் உள்ளே இறங்க வேண்டும். பேராற்றை மறித்துக் கட்டிய குளம். காடு நெருங்கி நிற்கும், யானையும் நெருங்கி நிற்கும். வவுனிக்குளம் மாங்குளத்துக்கு மேற்கே, மல்லாவிப் பக்கம், பாலி ஆற்றில் இருக்கிறது. பழைய குளத்தை 1950களில் திருத்திக் குடியேற்றத் திட்டமாக்கினார்கள். ஊரும் வயலும் குளத்தோடு ஒட்டியிருப்பதும், மல்லாவியில் ஆதார வைத்தியசாலை இருப்பதும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். இவை தவிர அக்கராயன், உடையார்கட்டு, தண்ணிமுறிப்பு, பாவற்குளம் என்று நிறைய உண்டு. பெயரே தெரியாத சின்னக் குளத்தில்தான் சில நேரம் நல்ல விரால் கிடைக்கும். ஆனால் அங்கே உங்களைக் கூட்டிப்போக ஊர் ஆள் இருந்தால் மட்டும் போங்கள்.

சில இடங்களைத் தொடாமல் விடுங்கள். மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம் சரணாலயம். சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015 இல் தேசிய பூங்காக்களாகிவிட்டன. அங்கெல்லாம் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தங்குவதும் மீன் பிடிப்பதும் வழக்கில் கொண்டுபோய் விடும்.

ஆளைப் பிடிப்பது

குளத்தைத் தீர்மானித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் குளத்து மீன்பிடிச் சங்கத்தின் தலைவரையோ செயலாளரையோ கண்டு பேசுவது. தொலைபேசியில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு நாள் முன்கூட்டியே இருவர் மோட்டார் சைக்கிளில் போய்வருவது நல்லது. விடியற்காலையில் போங்கள். வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம், மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்களோடு வியாபாரிகள் நிற்பார்கள், சங்கத்து ஆட்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். தராசு ஓய்ந்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள். நிறுவை நடக்கும்போது குறுக்கே போய் "அண்ணை, ஒரு சின்ன விசயம்" என்றால் யாருக்கும் பிடிக்காது.

கேட்க வேண்டியவை இவை: எந்தப் பக்கம் தூண்டில் போடலாம்? வலை எங்கே கிடக்கும்? எந்த இடத்தில் தங்கலாம்? யானை கடைசியாக எப்போது, எந்த வழியால் வந்தது? வழிகாட்ட ஒருவர் வருவாரா, அவருக்கு நாள் கூலி என்ன? கூலியைக் கேட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். "பார்த்துத் தாறம் அண்ணை" என்பது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். வள்ளத்தில் ஏறுவதாக இருந்தால் அதையும் தனியாகப் பேசுங்கள்.

பிறகு கிராம அலுவலரிடம் ஒரு சொல். கட்டின் மேலோ துருசுக்குப் பக்கத்திலோ தங்க நினைத்தால் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பெரும்பாலும் கிடைக்காது, கிடைக்காதிருப்பதும் சரிதான். காட்டுக்குள் போவதற்கு வனத் திணைக்களம். எல்லோரும் தேசிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கூட்டத்தில் இருந்தால் கடவுச்சீட்டின் பிரதி. பறக்கும் கமராவை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். அனுமதி இல்லாமல் அதைப் பறக்கவிட்டால் அன்றைய பொழுது விசாரணையில் போய்விடும்.

வலை எடுத்துப் போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். குளத்தில் வலையும் வள்ளமும் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் அதற்கு அனுமதி பெற்றவர்கள். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் உள்நாட்டுக் குளங்களுக்கும் பொருந்தும். வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பது அதன்படி குற்றம். தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) வலையும் தடை. கூட்டத்தில் யாராவது "ஒரு சின்ன வலை கொண்டு வாறன்" என்றால் ஆரம்பத்திலேயே மறித்துவிடுங்கள். குளத்தில் மீன்குஞ்சு விடுவதற்கு அந்தச் சங்கங்கள் அலைந்து திரிகின்றன. அவர்கள் வளர்க்கும் மீனைத்தான் நீங்கள் பிடிக்கிறீர்கள்.

கூட்டமும் சாமானும்

ஆறு பேரிலிருந்து பத்துப் பேர் வரை அளவான கூட்டம். அதற்கு மேல் போனால் ஊர்வலம். காசை ஒருவர் கையில் போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாகனம் ஓட்டுகிறவர் இரண்டு நாளும் குடிக்கக்கூடாது, அவசரத்துக்கு வண்டி எடுக்கப்போவது அவர்தான். அதை ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள், கசப்பு வராது. மற்றவர்களுக்கும் ஒரு விதி: குடித்தவர் தண்ணீரில் இறங்கக்கூடாது. குடித்துவிட்டுக் குளத்தில் இறங்கி மாண்டவர் கதை இல்லாத ஊர் வன்னியில் இல்லை. நீந்தத் தெரிந்தவர்கள்தான் அதில் பாதி. தாமரைக் கொடியும் அடிச் சேறும் நீச்சல் பார்ப்பதில்லை.

கூடாரம் இரண்டோ மூன்றோ, அடிப்பாகம் தைத்து முழுவதும் சிப் பூட்டக்கூடியவை. சமையலுக்கும் நிழலுக்கும் பெரிய தறப்பாள் ஒன்று. வன்னிச் சனத்துக்குத் தறப்பாள் கட்டுவதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. உங்கள் வழிகாட்டி நாலு முடிச்சில் கட்டிவிடுவார், நீங்கள் ஓரமாக நின்று கயிற்றைப் பிடியுங்கள். தலையில் மாட்டும் ரோர்ச் ஆளுக்கொன்று. கப்பலில் போடும் மிதப்பங்கி, வள்ளத்தில் ஏறுவோர் எண்ணிக்கைக்கு. முழங்கால் வரை சப்பாத்து அல்லது குறைந்தது மூடிய சப்பாத்து. பாட்டா செருப்போடு புல்லுக்குள் நடக்கக்கூடாது.

குடிதண்ணீரைக் குறைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர், சமையலுக்குத் தனியாக. குளத்துத் தண்ணீரில் வயலுக்கு அடித்த மருந்தும் வரும், கொதிக்க வைத்தாலும் அது போகாது. இருபது லீற்றர் கான்களில் நகரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காலில் வெட்டு, புண் உள்ளவர் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும் வழி அதுதான். ஒரு காலத்தில் வன்னி என்றாலே மலேரியாதான். 2016 இல் இலங்கை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. ஆனால் நுளம்பு அந்தச் சான்றிதழை வாசிக்கவில்லை. நுளம்புத்திரியும் பூசும் களிம்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஸ்பீக்கர் வேண்டாம். கோடரி வேண்டாம், வழியில் மறித்தால் மரம் தறிக்கப் போவதாகத்தான் நினைப்பார்கள்.

கூடாரம் போடும் இடம்

இந்தப் பகுதியை மட்டும் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். வேறு நாட்டுக் கூடார வழிகாட்டிகளில் படித்தவை இங்கே சில இடத்தில் ஆபத்தாக முடியும்.

முதல் விடயம், தோண்டாதீர்கள். மழைநீர் ஓடக் கூடாரத்தைச் சுற்றிக் கான் வெட்டு, அடுப்புக்குக் குழி வெட்டு, மலசலத்துக்குக் குழி வெட்டு என்று அந்த வழிகாட்டிகள் சொல்லும். போர் 2009 இல் முடிந்தாலும் வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. அகற்றி முடித்த நிலம் எது, முடிக்காதது எது என்று ஊர்க்காரருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு மை பூசிய கட்டை, நாடா கண்டால் வந்த அடியிலேயே திரும்புங்கள். பலகை இல்லை என்பதால் வெடியும் இல்லை என்று எடுக்கவும் முடியாது. வெள்ளம் பொருட்களை இடம் மாற்றும். துருப்பிடித்த இரும்புத் துண்டு, பச்சைப் பிளாஸ்டிக் மூடி போல எதைக் கண்டாலும் கை வைக்காமல், கல் எறியாமல், பொலிசுக்கு அறிவியுங்கள். தெரியாத நிலத்தில் நெருப்பும் மூட்டாதீர்கள். மண்ணுக்குள் கிடப்பது சூட்டில் வெடிக்கும். குப்பை கொளுத்தும்போதே அப்படி நடந்திருக்கிறது. பழைய சாம்பல் கிடக்கும் இடத்தில்தான் அடுப்பு, அல்லது காஸ் குக்கர்.

இரண்டாவது, கட்டுத்துவக்கு. பன்றிக்கென்று பற்றைக்குள் துவக்கை, கால் தட்டினால் வெடிக்கும்படி கம்பி இழுத்துக் கட்டிவைப்பார்கள். சட்டப்படி குற்றம், ஆனாலும் கட்டுகிறார்கள். முழங்கால் உயரத்துக் கம்பி இருட்டில் தெரியாது. ஆகவே விறகு பொறுக்கவோ ஒதுங்கவோ ஊர்ப்பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். விறகை ஊரில் வாங்குங்கள். வயல் ஓரத்து யானை மின்வேலியைத் தொடக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

மூன்றாவது, யானை. சூடான இலத்தி, சேறு அப்பிய மரத்தண்டு, புல் படுத்துத் தண்ணீரை நோக்கிப் போகும் அகன்ற தடம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடம் உங்களுக்கில்லை. கரையோரத்து மருத மர நிழல் எவ்வளவு அழகாக இருந்தாலும் யானைக்கும் அந்த அழகு தெரியும். அரிசி, உப்பு, வாழைப்பழம், பலாப்பழம் எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. வாகனத்துக்குள் வைத்துக் கதவைப் பூட்டுங்கள். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும்போது அந்த மரத்தடிக்குக் கரடி வரும். கரடி யானையை விட மோசம், அது விலகிப்போக யோசிக்காது.

அப்படியென்றால் எங்கே தங்குவது? என் பதில் எப்போதும் ஒன்றுதான்: மீன்பிடி வாடிக்கு, அதாவது தொழிலாளர் தங்கும் கரைக்கொட்டிலுக்குப் பக்கத்தில். புதிதாக வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அவர்கள் மனதில் இருக்கும் படம், யாருமில்லாத கரையில் ஒற்றைக் கூடாரம். வாடியடியில் கிழிந்த வலையும் ரெஜிபோம் துண்டும் மீன் மணமும் நாலு நாயும் இருக்கும். ஆனால் அந்த நிலம் பல வருடம் மிதித்த நிலம், அடுப்பு எரிந்த இடம் இருக்கிறது, வாகனம் வரும், இரவில் ஒருவர் இருவர் விழித்திருப்பார்கள். யானை வருவதை அந்த நாய்கள் உங்களுக்கு முன்னதாக அறியும். சில இடங்களில் சங்கக் கட்டடமும் மலசலகூடமும் உண்டு. பெண்களும் பிள்ளைகளும் வந்தால் இன்னும் ஒரு படி மேலே போய், குளத்துக்கு அண்மையில் ஒரு வீட்டு முற்றத்தைக் கேளுங்கள். மலசலகூடம், கிணறு, வேலி எல்லாம் இருக்கும். கூடாரத்தை முற்றத்தில் போட்டால் அதுவும் கூடாரம்தான்.

தண்ணீரிலிருந்து ஐம்பது மீற்றராவது தள்ளி, கொஞ்சம் மேடான இடமாகப் பாருங்கள். முதலைக்காகவும், இரவில் தண்ணீர் குடிக்க வரும் மிருகங்களுக்கு வழி விடவும். கூடார வாசலை வாகனத்தின் பக்கம் திருப்புங்கள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாம் கட்டி முடிய வேண்டும்; வன்னியில் ஆறரைக்கு இருட்டிவிடும், மம்மல் நேரம் நீளாது.

மீன்

குளத்தில் அதிகம் கிடைப்பது திலாப்பியா. மொசாம்பிக் திலாப்பியா 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நைல் திலாப்பியா பின்னால் வந்து அதோடு கலந்துவிட்டது. கட்லா, ரோகு, மிரிகால் என்பவை குஞ்சாக விடப்பட்டு வளர்பவை. அவை பெரும்பாலும் வலைக்குத்தான். தூண்டிலுக்கு ஊரின் சொந்த மீன் விரால். கெளுத்தியும் கடிக்கும்.

திலாப்பியாவுக்குச் சின்னக் கொளுக்கி, மெல்லிய தங்கூசி, ஒரு மிதப்பு, பயறளவு ஈயம் போதும். இரையாக மண்புழு, இல்லாவிட்டால் பாணை எச்சில் தொட்டு இறுக்கி உருட்டியது. கோதுமை மாவைப் பிசைவதென்றால் கொஞ்சம் பஞ்சு சேர்த்துப் பிசையுங்கள், தண்ணீரில் கரையாது. மிதப்பு சட்டென்று மூழ்காது. முதலில் ஒரு நடுக்கம், பிறகு ஒரு சின்ன நகர்வு, அப்புறம் சாய்ந்து பக்கவாட்டில் இழுபடும். நடுக்கத்தில் இழுத்தால் வெறும் கொளுக்கிதான் வரும். பக்கவாட்டில் போகும்போது மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். ஆழமில்லாத கரையில் சட்டிபோல வட்டக் குழிகள் தெரிந்தால் அது திலாப்பியா முட்டையிடத் துடைத்த இடம். அதற்கு மேல் மிதிக்காமல், சற்று வெளியே ஆழத்தில் இரையைப் போடுங்கள்.

நேரம், விடிந்து இரண்டு மணி நேரமும் பொழுதுபடுவதற்கு முன் இரண்டு மணி நேரமும். நடுப்பகலில் குந்தியிருப்பது வெயில் காய்வது. காற்று எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ அந்தக் கரையில் தீனி ஒதுங்கும், மீனும் ஒதுங்கும்.

விரால் வேறு கதை. அது ஆம்பலுக்கும் புல்லுக்கும் இடையில் பதுங்கும், மூச்செடுக்க மேலே வந்து "ப்ளக்" என்று ஒரு சத்தம் விட்டுப் போகும். அந்தச் சத்தம் கேட்ட இடத்துக்கு அப்பால் இரையைப் போட்டு, இலைகளுக்கு மேலாக மெல்ல இழுத்துவர வேண்டும். சின்ன மீனோ றப்பர் தவளையோ போதும். தடித்த தங்கூசி வேண்டும். பிடித்தவுடன் கொடிக்குள் ஓடிச் சுற்றிவிடும், விட்டுப்பிடிக்கிற பேச்சே இல்லை, ஒரே இழுவை. தண்ணீரின் மேல் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொதிப்பதுபோல் அசைந்தால் கீழே தாய் தகப்பன் காவலுக்கு நிற்கும். அந்த நேரம் எதைப் போட்டாலும் ஆத்திரத்தில் கவ்வும், பிடிப்பது மிகச் சுலபம். அதனாலேயே பிடிக்காதீர்கள். பெரியதைத் தூக்கினால் குஞ்சு அத்தனையையும் மற்ற மீன் தின்றுவிடும்.

கெளுத்தியைக் கொளுக்கியிலிருந்து கழற்றும்போது துணியால் பிடியுங்கள், செட்டை முள் குத்தும். குத்தினால் தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் அரை மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருங்கள், வலி இறங்கும். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ வைத்தியசாலை.

முதலை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. கரையில் நின்று வீசுங்கள், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று அல்ல. பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துக் காலடியில் தண்ணீருக்குள் கட்டிவைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. அது முதலைக்கு வைக்கும் விருந்து. வாளியில் போடுங்கள். மீன் வெட்டுவதும் சட்டி கழுவுவதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் என்று பழக்காதீர்கள். இருட்டிய பிறகு யாரும் தண்ணீர் விளிம்புக்குப் போக வேண்டாம். குளிப்பதானால் ஊர்ச்சனம் குளிக்கும் துறையில், பகலில், துருசிலிருந்து தூரத் தள்ளி. துருசு திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் அமைதியாகவே தெரியும், அடியில் இழுக்கும்.

வலைகளைப் பற்றி ஒரு சொல். பின்னேரம் கட்டி விடியற்காலை எடுப்பார்கள். தண்ணீரில் வரிசையாகக் கிடக்கும் பிளாஸ்டிக் போத்தலும் செருப்புத் துண்டும் குப்பை அல்ல, வலையின் மிதப்பு. உங்கள் கொளுக்கி வலையில் மாட்டினால் இழுத்து அறுக்காதீர்கள், தங்கூசியை உங்கள் பக்கம் வெட்டிவிட்டு வலைக்காரருக்குச் சொல்லுங்கள். விடியலில் அவர்களோடு வள்ளத்தில் போக இடம் கிடைத்தால் இருவர் மட்டும் போங்கள். சும்மா இருந்து பாருங்கள்; ஒருவர் தண்டு வலிக்க, மற்றவர் வலையை மடியில் போட்டு, கண்ணியில் மாட்டிய மீனின் செவுளைப் பெருவிரலால் தள்ளி ஒரு செதில் உதிராமல் கழற்றுவார். நீங்கள் உதவப்போனால் வலை கிழியும்.

சமையல்

சட்டிக்குப் போதுமானது கிடைத்தால் தூண்டிலைச் சுருட்டுங்கள். கிடைக்காவிட்டால் வாடியில் வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

குளத்து மீன் சேற்று மணம் என்று முகம் சுளிக்கிறவர்கள் சரியாகக் கழுவத் தெரியாதவர்கள். செதில் சீவி, செவுளை முழுக்க எடுத்து, வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுங்கள். அதிலும் மணம் இருக்கும். பிறகு கல்லுப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு உரசி, பத்து நிமிடம் விட்டு, மூன்று தண்ணீரில் கழுவுங்கள். விராலுக்கு வழுவழுப்புப் போக அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்ப்பது நல்லது.

குழம்புக்கு வெங்காயம், உள்ளி, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வீட்டில் இடித்த கறித்தூளும் பழப்புளியும் விட்டுக் கொதிக்க வைத்து, மீனைப் போட்ட பிறகு அகப்பை வைக்காமல் சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். கடைசியில் முதற்பால். திலாப்பியா பொரியலுக்கு நல்லது, விரால் குழம்புக்கு. நெருப்பில் சுடுவதானால் பெரிய திலாப்பியாவைச் செதில் எடுக்காமல் வயிற்றைச் சுத்தம் செய்து உப்பும் மிளகாய்த்தூளும் அடைத்துச் சுடுங்கள்; தோலோடு உரிந்து வரும். காலையில் புட்டும் முதல்நாள் குழம்பும். வழிகாட்டியும் வாடியில் இருப்பவர்களும் உங்களோடு சாப்பிட வேண்டும், அளவை அதற்கேற்பப் பாருங்கள்.

சாப்பிட்ட மிச்சத்தையும் செதில் குடலையும் கூடாரத்தடியில் விடாதீர்கள். வாடிக்காரர் எங்கே போடுகிறார்களோ அங்கே.

ஏதாவது நடந்தால்

போன முதல் மணி நேரத்திலேயே தொலைபேசி சிக்னல் எந்த இடத்தில் வருகிறது என்று கண்டுபிடித்து எல்லோருக்கும் காட்டுங்கள். 1990 இலவச அம்புலன்ஸ், 119 பொலிஸ். அம்புலன்சுக்குக் "குளத்தடி" என்று சொன்னால் வந்து சேராது. ஊர்ப் பெயர், கிராம அலுவலர் பிரிவு, அருகிலுள்ள பாடசாலை அல்லது கோயில், தார் வீதியில் சந்திக்கும் இடம் — இவற்றை ஒரு தாளில் எழுதி வாகனத்தின் முன்கண்ணாடியில் ஒட்டுங்கள். பல நேரம் உங்கள் வாகனமே வேகமானது.

பாம்பு கடித்தால் கடிக்கு மேலே இறுக்கிக் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், காப்பு, கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் தடி வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிப் போங்கள். பாம்பைத் தேடி அடிக்கப்போய் இரண்டாவது ஆளும் கடி வாங்க வேண்டாம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளுக்கு நேரே போவது நல்லது. விடியற்காலையில் ஒருவர் வயிற்றுவலி என்று எழும்பி, கண் இமை தொங்கினாலோ பேச்சுக் குழறினாலோ கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் உடனே கொண்டுபோங்கள். நிலத்தில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். கூடாரத்தின் சிப்பை இரவு முழுக்கப் பூட்டச் சொல்வது அதற்குத்தான்.

யானை வந்தால் ரோர்ச்சைக் கண்ணில் அடித்துக் கூச்சல் போடுவது உங்கள் வேலை அல்ல. வாகனத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்துங்கள், மிச்சத்தை வழிகாட்டி சொல்வார். படம் எடுக்க ஒருவரும் இறங்கக்கூடாது.

கிளம்பும்போது

காலையில் மீன்பிடித்து முடித்து பத்து மணிக்குள் கட்டுங்கள். அறுந்த தங்கூசித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள். மாடு மேயும் கரை, கொக்கும் நாரையும் நடக்கும் கரை, காலில் சுற்றினால் கழற்ற ஆளில்லை. போத்தலும் பிளாஸ்டிக்கும் வந்த வாகனத்திலேயே திரும்பி வரட்டும். அடுப்பைத் தண்ணீர் ஊற்றி, கையை வைத்துப் பார்த்து அணையுங்கள்.

பேசிய கூலியைப் பேசியபடி கையில் கொடுங்கள். மிச்சமான அரிசி, தேங்காய், சீனியை வாடியில் விட்டுவிட்டு வரலாம். மிச்சமான சாராயத்தை விட்டுவிட்டு வராதீர்கள்.

வீட்டுக்கு மீன் கொண்டுபோவதானால் வாங்கிய இடத்திலேயே குடல் செவுள் எடுத்து, தண்ணீர் வடியவிட்டு, ஒரு அடுக்கு ஐஸ் ஒரு அடுக்கு மீனாக ரெஜிபோம் பெட்டியில் அடுக்குங்கள். ஐஸைப் போகும்போதே நகரத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும், குளத்தடியில் வியாபாரிகளிடம் இருப்பது அவர்களுடைய மீனுக்கு. உருகிய தண்ணீரை வழியில் ஒரு தடவை வடித்துவிட்டால் யாழ்ப்பாணம் வரை தாங்கும். கொழும்புக்கு என்றால் வேண்டாம், அதற்கு உப்புப் போட்டுக் காயவைத்த விரால் கருவாடு வாங்குங்கள்.